ஏறுவதற்குக் கால் இருக்கிறது

நண்பனின் மவுண்டன் பைக்கை முதன்முதலில் கையில் வாங்கியதும் அதைத் தூக்கிப் பார்த்தேன். பத்து வருடமாகத் தார்ச்சாலையில் மட்டுமே மிதித்தவனுக்கு அது தானாக வரும் பழக்கம். என் ரோடு பைக் 8 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அவனுடையது 14 கிலோ. "இதை வைத்துக்கொண்டு எப்படிடா மேடு ஏறுகிறாய்?" என்றேன். "ஏறிடலாம், வா. இறங்கும்போது பேசிக்கலாம்" என்றான்.

ஏறுவது உண்மையிலேயே பெரிய கஷ்டமாக இல்லை. திரும்பி இறங்கியது, வேர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஓர் ஒற்றையடிப் பாதையில். ரோட்டில் உட்காருவது போலவே சீட்டில் உட்கார்ந்து, உடம்பை முன்னால் சாய்த்து, முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். முதல் வேரில் பின் சக்கரம் எகிறியது. சீட் என்னை முன்னால் தள்ளியது. இரண்டாவது வேரில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். மூன்றாவதற்கு முன்பே காலை ஊன்றிவிட்டேன். கீழே காத்திருந்தவன் நடந்து மேலே வந்தான். ஹேண்டில்பாரில் இருந்த சின்ன லீவரை அழுத்தச் சொல்லி, சீட்டை அடிவரை இறக்கினான். "உட்காராதே. இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நில். தூரத்தைப் பார்." அவ்வளவுதான் சொன்னான். வண்டியை மறுபடி மேலே தள்ளிக்கொண்டு போய், இந்த முறை நின்றபடி இறங்கினேன். அதே வேர்கள்தான். வண்டி என் காலுக்குக் கீழே தன் பாட்டுக்கு ஆடி அசைந்து அவற்றைத் தாண்டிப் போனது.

அன்று மாலையே வாங்குவது என்று முடிவு செய்தேன். எதை வாங்குவது என்று முடிவு செய்ய மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் நான் தவறான பக்கம் திரும்பியபோதெல்லாம் காரணம் ஒன்றே: ரோடு பைக் வாங்கும்போது பார்ப்பவற்றையே இங்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். எடை, மிதிக்கும்போது வீணாகாத சக்தி, மேட்டில் வேகம். ஆனால் மேடு ஏற ரோட்டுக்காரர்களுக்கு ஏற்கெனவே காலும் மூச்சும் இருக்கின்றன. இறங்கத்தான் தெரியாது. அப்படியானால் வண்டி எங்கே கைகொடுக்க வேண்டும்? இறக்கத்தில். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்த பிறகு மற்ற முடிவுகள் எல்லாம் எளிதாக வந்தன.

இந்த வண்டியின் பிறப்பைப் படித்தபோது அது இன்னும் தெளிவானது. 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில், சில இளைஞர்கள் ஒரு செங்குத்தான மண் பாதையில் யார் முதலில் கீழே போவது என்று பந்தயம் வைத்தார்கள். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் போன்ற சிலர் அப்போதே தேர்ந்த ரோடு பந்தய வீரர்கள். கையில் நல்ல ரோடு பைக் இருந்தும் அவர்கள் தேடிப் பிடித்தது, அகலமான டயர் போட்ட பழைய ஷ்வின் வண்டிகளை. 20 கிலோவைத் தொடும் கனம். பின் சக்கரத்துக்குள்ளேயே இருந்த பிரேக், இறங்கி முடிப்பதற்குள் கொதித்து உள்ளே இருந்த கிரீஸ் முழுவதும் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தப் பாதைக்கு 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடைத்தல்', என்று பெயர் வந்தது அதனால்தான். 1977-ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே ஃபிரேம் ஒன்றைச் செய்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மவுண்டன் பைக் தொழிற்சாலையில் பெருமளவில் தயாராகி விற்பனைக்கு வந்தது. ரோட்டில் அவ்வளவு வேகமாகப் போனவர்களே மலைக்கென்று தேர்ந்தெடுத்தபோது எடையைப் பார்க்கவில்லை. இறக்கத்தில் தாங்குமா என்றுதான் பார்த்தார்கள்.

சரி, என் முதல் தடுமாற்றத்துக்கு வருகிறேன். கடையில் என் கண் நேராகப் போனது, மண் பாதையில் ஏறி இறங்கும் பந்தயத்துக்கான கிராஸ் கன்ட்ரி வண்டியின் மேல். 10 கிலோ சொச்சம், 100 மி.மீ. சஸ்பென்ஷன், தாழ்ந்த ஹேண்டில்பார். ஏறி உட்கார்ந்ததும் சொந்த வீட்டுக்கு வந்தது போல இருந்தது. உட்கார்ந்து மிதிக்கும் நிலை ரோடு பைக்குக்கு அவ்வளவு நெருக்கம். அந்த உணர்வை நம்பி வாங்கியிருந்தால் தவறு செய்திருப்பேன். பந்தயத்தில் கலந்துகொள்ள நினைப்பவர்களுக்கும், மண் சாலையில் நாள் முழுக்க ஏறி இறங்குபவர்களுக்கும் அது அருமையான வண்டி. இறங்கக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒருவருக்கு அது பொறுமையான ஆசிரியர் அல்ல. பாதையில் கொஞ்சம் பிசகினாலும் உடனே தண்டிக்கும்.

இதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். போகப்போவது எங்கே? உங்களைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் சரளை போட்ட சாலை, வயல் ஓரத்து மண் பாதை என்றால் உங்களுக்கு மவுண்டன் பைக்கே தேவையில்லை. 40 அல்லது 45 மி.மீ. டயர் போட்ட கிராவல் பைக் போதும். ரோட்டுப் பழக்கம் அத்தனையும் அதில் பயன்படும். வேர், பாறை, ஒரு முழ உயரத்துக்குத் திடீரென்று இறங்கும் படி, இவையெல்லாம் வாரா வாரம் எதிர்ப்படும் என்றால்தான் மற்றது.

அளவு விஷயத்தில் நான் ரொம்பக் குழம்பினேன். ரோடு பைக்கில் 54, 56 என்று எண் சொல்லி வாங்கிப் பழகிவிட்டோம். இங்கே எஸ், எம், எல். அதைவிட, அட்டவணையில் 'ரீச்' என்ற எண்ணைப் பார்த்து மிரண்டுவிட்டேன். இரண்டு மிதிகட்டைகளுக்கும் நடுவில் இருக்கும் அச்சிலிருந்து, ஃபிரேமின் முன்முனைக் குழாயான ஹெட் டியூபின் மேல்முனை வரைக்கும் உள்ள கிடைமட்டத் தூரம்தான் ரீச். என் ரோடு பைக்கில் அது 385 மி.மீ. நான் பார்த்த மவுண்டன் பைக்கின் எம் அளவில் 455 மி.மீ. ஏழு சென்டிமீட்டர் நீளம் என்றால் எனக்கு எட்டவே எட்டாது, ஓர் அளவு சின்னதாக எடுப்போம் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். நண்பன்தான் தடுத்தான். "ஸ்டெம்மையும் சேர்த்துக் கூட்டிப் பார்" என்றான். ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டுதான் ஸ்டெம். ரோடு பைக்கில் ஸ்டெம் 110 மி.மீ., ஆக மொத்தம் 495. மவுண்டன் பைக்கில் ஸ்டெம் 40 மி.மீ., மொத்தம் அதே 495. ஸ்டெம்மின் சாய்வை விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. நீளம் கூடவே இல்லை, ஸ்டெம்மிலிருந்து ஃபிரேமுக்கு இடம் மாறியிருக்கிறது. ஃபிரேம் நீண்டதால் முன் சக்கரம் என் கைகளுக்கு வெகு முன்னால் போய்விட்டது. செங்குத்தான இடத்தில் தலைகுப்புற விழாமல் காப்பது அந்த இடைவெளிதான்.

ஹெட் டியூபின் கோணமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ரோடு பைக்கில் அது 73 டிகிரி பக்கம் இருக்கும். பந்தயத்துக்கான கிராஸ் கன்ட்ரி வண்டிகளில் 67, 68. கரடுமுரடான பாதைகளுக்கான டிரெயில் வண்டிகளில் 64 முதல் 66. எண் குறையக் குறைய, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முன்னால் சாய்ந்து நிற்கும். சக்கரம் கல்லில் முட்டினாலும் திரும்பிவிடாமல் நேர் பிடித்துப் போகும். விலை என்னவென்றால், மேட்டில் மெதுவாக ஏறும்போது முன் சக்கரம் கொஞ்சம் அலைபாயும். முதல் இரண்டு வாரம் எனக்கு அது எரிச்சலாக இருந்தது, பிறகு மறந்தே போனது. ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் கூட இறக்கத்தில் கைக்குத் தெரியும் என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் நம்பினேன்.

பின்பக்கமும் சஸ்பென்ஷன் வேண்டுமா, முன்னால் மட்டும் போதுமா? இந்த வாதம் எல்லா இடத்திலும் நடக்கிறது. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயிலில் கற்றால்தான் முறையாகக் கற்பாய் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஃபுல் சஸ்பென்ஷனில் கற்று அழகாக ஓட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதுகுவலி உள்ளவர்களும், பாறை நிறைந்த பாதையில் ஓட்டுபவர்களும் யோசிக்காமல் ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கலாம். நான் ஹார்ட்டெயில் எடுத்ததற்குக் காரணம் வேறு. என்னிடம் இருந்த பணத்துக்குக் கிடைத்த ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியில் ஃபோர்க் மட்டம், பிரேக் மட்டம், லீவரை அழுத்தினால் சீட்டை இறக்கிவிடும் டிராப்பர் சீட்போஸ்ட் கிடையாது. அதே பணத்துக்கு ஹார்ட்டெயிலில் இவை மூன்றும் நல்லதாகவே கிடைத்தன. அப்புறம் பராமரிப்பு. ரோடு பைக்கில் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டால் பெரும்பாலும் முடிந்தது. இங்கே ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றும் வேலையே சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை வரும். பின்னாலும் சஸ்பென்ஷன் இருந்தால் ஷாக், இணைப்புகளின் பேரிங் என்று வேலை இன்னும் கூடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பார்க்க மவுண்டன் பைக் போலவே இருக்கும் விலை குறைந்த வண்டிகள் நிறைய உண்டு. பளபளப்பான ஃபோர்க், பெரிய டயர் எல்லாம் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது ஃபிரேமின் எலும்பை. ஹெட் டியூப் மேலே குறுகிக் கீழே அகன்று இருக்கிறதா? இருந்தால் பின்னாளில் நல்ல ஃபோர்க் போட முடியும். சக்கரங்கள் த்ரூ ஆக்ஸில் என்ற தடித்த அச்சில் நிற்கின்றனவா, அல்லது குவிக் ரிலீஸ் என்ற பழைய மெல்லிய அச்சிலா? பின் சக்கரத்தின் நடுவில் கேசட் என்ற பல்சக்கர அடுக்கு ஏறும் ஃப்ரீஹப் இருக்கிறதா, அல்லது திருகி மாட்டும் பழைய ஃப்ரீவீலா? டிராப்பருக்கான கேபிள் போக ஃபிரேமில் துளை உண்டா? இந்த நான்கும் சரியாக இருந்தால், மீதி எது மட்டமாக இருந்தாலும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். இவை இல்லாத ஃபிரேமில் நாளைக்கு எவ்வளவு செலவழித்தாலும் வண்டி மாறாது.

கியரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 12. ரோட்டில் முன்னால் 34 பல், பின்னால் 34 பல் போட்டு ஏறுபவருக்கு இங்கே 32-க்கு 51 கிடைக்கும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கி.மீ. சொச்சம், நடையை விடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். இந்த கியர் ஆடம்பரம் என்று முதலில் நினைத்தேன். ஈர மண்ணில் பின் சக்கரம் வழுக்காமல் உட்கார்ந்தபடி மெல்ல ஏற வேண்டிய இடத்தில் அதன் அருமை புரிந்தது. மேல்முனையில் 32-க்கு 10, 90 சுற்றுக்கு ஏறக்குறைய 40 கி.மீ. காட்டுக்குள் அதற்கு மேல் தேவைப்படாது.

29 அங்குலச் சக்கரத்தைப் பற்றி ஒரு செய்தி. அதன் ரிம்மில் டயர் உட்காரும் விட்டமும் உங்கள் 700சி ரோடு சக்கரத்தின் விட்டமும் ஒன்றுதான்: 622 மி.மீ. இதைத் தெரிந்துகொண்டதும், வீட்டில் சும்மா கிடக்கும் டிஸ்க் பிரேக் சக்கரங்களை இதில் மாட்டலாமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. முடியாது. பின் அச்சின் அகலம் ரோட்டில் 142 மி.மீ., இங்கே 148. ரிம்மின் அகலமும் வேறு.

டயருக்கு மட்டும் ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். ரோட்டுக்காரரின் கை எப்போதும் காற்றை ஏற்றவே பார்க்கும். 28 மி.மீ. டயரில் 80 பி.எஸ்.ஐ. வைத்துப் பழகிய எனக்கு, 20 என்ற எண்ணைப் பார்த்தபோது பஞ்சரான டயர் என்றுதான் தோன்றியது. நண்பன் சொன்னதைக் கேட்காமல் முதல் வாரம் 35 வைத்து ஓட்டினேன். வண்டி ஒவ்வொரு கல்லிலும் துள்ளியது, திருப்பத்தில் முன் சக்கரம் வெளியே நழுவியது, ஒரு மணி நேரத்தில் கையெல்லாம் மரத்துப்போனது. காரணம் எளிது. வழவழப்பான தாரில் டயர் அமுங்குவதால் கொஞ்சம் சக்தி வீணாகும், அதனால் காற்று அதிகம் வைக்கிறோம். கரடுமுரடான தரையில் டயர் அமுங்காவிட்டால் கல்லின் மேல் நீங்களும் வண்டியுமாகச் சேர்ந்து எழும்பி இறங்க வேண்டும். அப்படி எழும்புவதற்கான சக்தி உங்கள் காலிலிருந்துதான் போகிறது. அமுங்கும் டயர் கல்லை விழுங்கிக்கொண்டு உருளும், தரையையும் பற்றிக்கொள்ளும். இப்போது என் 72 கிலோவுக்கு 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னால் 20, பின்னால் 23. இதைவிடக் குறைத்தபோது பின் ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது, அங்கே நிறுத்திக்கொண்டேன். டியூப் போட்டுக்கொண்டு இந்த அழுத்தத்தில் ஓட்ட முடியாது. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். ஆகவே வாங்கிய அன்றே டியூப்லெஸ் ஆக்கி, ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட்டை ஊற்றிவிடுங்கள்.

ஃபோர்க்கிலும் காற்றுதான். ஷாக் பம்ப் என்ற சின்ன பம்ப் ஒன்று தனியாக வேண்டும். பெடலில் ஏறி நின்றால் ஃபோர்க் தான் அமுங்கக்கூடிய தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். என் 130 மி.மீ. ஃபோர்க்கில் அது 26 மி.மீ. மிதிக்கும்போது ஆடுகிறதே என்று நான் முதலில் அதைக் கல்லாக இறுக்கி வைத்திருந்தேன். அப்படி வைத்தால் 130 மி.மீ.க்குக் காசு கொடுத்து 60 மி.மீ.தான் பயன்படுத்துகிறோம்.

டிராப்பர் சீட்போஸ்ட்டைப் பற்றிக் கேட்டால், அது இல்லாத வண்டியை வாங்காதீர்கள் என்பேன். பணம் போதவில்லையென்றால் கியரில் ஒரு படி இறங்குங்கள், எடையில் ஒரு கிலோ விட்டுக்கொடுங்கள், இதை விடாதீர்கள். ரோட்டில் சீட்டின் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் கூட மாற்றாமல் பல வருடம் ஓட்டுபவர்கள் நாம். மலையில் அந்த உயரம் நிமிடத்துக்கு நாலு முறை மாற வேண்டியிருக்கிறது. சீட் விலகினால்தான் இடுப்பு அசையும். இடுப்பு அசைந்தால்தான் வண்டியை மட்டும் சாய்த்துவிட்டு உடம்பை நேராக வைத்துத் திரும்ப முடியும்.

பெடல் விஷயத்தில் ரோட்டுக்காரர்கள் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் முதல் சில மாதம் ஷூவைப் பூட்டாத தட்டைப் பெடலில் ஓட்டுவதே நல்லது. எந்த நேரமும் காலை ஊன்றலாம் என்ற தைரியம் இருந்தால்தான் புதிதாக எதையும் முயன்று பார்ப்போம்.

பிரேக்கில் ஒரே ஓர் எச்சரிக்கை. எந்த லீவர் முன் சக்கரத்துக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும். இரவல் வண்டியோ பழைய வண்டியோ, ஏறும் முன் ஒருமுறை உருட்டி அழுத்திப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்கலாமா என்றால் வாங்கலாம், நானும் ஒன்றைப் பார்க்கப் போனேன். படத்தில் புதிது போல இருந்த ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி. சீட்டைப் பிடித்து லேசாக மேலே தூக்கியபோது பின்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். இணைப்பில் எங்கோ தேய்ந்திருந்தது. ஃபோர்க்கின் வழவழப்பான கால்களில் நகத்தை ஓட்டினேன், ஓர் இடத்தில் நகம் மாட்டியது. அந்தக் கீறல் வழியாக அழுக்கு உள்ளே போகும், எண்ணெய் வெளியே வரும். இரண்டையும் சரிசெய்யும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். விற்றவர் மேல் குறை சொல்ல ஏதுமில்லை. அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. பழைய வண்டி பார்க்கப் போகும்போது கூடவே விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள்.

கடைசியில் வாங்கியது 66 டிகிரி கோணமுள்ள, 130 மி.மீ. ஃபோர்க் போட்ட, 29 அங்குல ஹார்ட்டெயில். 13 கிலோவுக்கு மேல். கடையில் ஓட்டிப் பார்க்கும்போது உட்கார்ந்து ஒரு சுற்று மட்டும் போனேன். மீதி நேரமெல்லாம் சீட்டை இறக்கி நின்றபடி, வண்டியை இடமும் வலமும் சாய்த்து, நடைபாதை ஓரத்துப் படியில் இறக்கிப் பார்த்தேன்.

ரோடு பைக்கை விட்டுவிடவில்லை. காடெல் எவன்ஸ் 1998, 1999 இரண்டு வருடமும் மவுண்டன் பைக் உலகக் கோப்பையை வென்று, பிறகு ரோட்டுக்கு வந்து 2011-ல் டூர் டி பிரான்ஸை வென்றவர். பவுலின் ஃபெரான் ப்ரெவோ 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் தங்கம் வாங்கி, மறு வருடமே பெண்களுக்கான டூர் டி பிரான்ஸையும் வென்றார். மலையில் கற்றது ரோட்டில் எப்படி உதவும் என்று எனக்கு அப்போது விளங்கியதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு வளைவில் இறங்கிக்கொண்டிருந்தேன். தாரின் மேல் எங்கிருந்தோ அடித்து வந்த மணல். பின் சக்கரம் ஒரு கை அகலத்துக்கு வெளியே வழுக்கியது. முன்பெல்லாம் அந்த இடத்தில் பிரேக்கை இறுக்கியிருப்பேன். அன்று என் கண் வளைவின் முடிவிலேயே இருந்தது, கை தளர்ந்தே இருந்தது. சக்கரம் தானாகத் திரும்பிப் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்தவர் பக்கத்தில் வந்து, "எப்படிங்க விழாம இருந்தீங்க?" என்று கேட்டார்.